மலையடி ஊற்றின் மணல்வீடுகள்

லிங்கநகர்,
திருகோணமலை.
18.01.2024

அன்புள்ள மகள் கீர்த்தனிக்கு,

நான் சுகம். மாரி முடியும்வரை முழங்கால் மட்டும் என்னோடு கோபம். நீயும் மருமகன் சுகிர்தனும் பேத்தி ஆரபியும் சுகமாயிருக்கப் பத்திரகாளி அம்மனை வேண்டுகிறேன்.

பொங்கலன்று பக்கத்து வீட்டார் கைபேசியில் உன்னைக் காட்டினார்கள். படம் நின்றுவிட்டது, உன் வாய் திறந்தபடி. என் காதுக்கும் அந்தக் கருவிக்கும் ஒத்துவராது. சொல்ல இருப்பதைக் கடிதத்தில் எழுது.

பொங்கலுக்கு மறுநாள் நம் வளவுக்குள் ஒரு பெண் இறங்கிவிட்டாள். ஊற்றிலிருந்து வாய்க்கால் தொடங்கும் இடத்தில் காற்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு, தலையில் முக்காட்டோடு, தேநீர் வடியில் மண்ணை அரித்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஆரைக் கேட்டு இறங்கினனீர்?"

"கூப்பிட்டுப் பாத்தன் அன்ரி, ஒருத்தரும் வரல்ல. நான் றுமானா, ஊர் கிண்ணியா. கெம்பஸ்ல படிப்பிக்கிறன்."

"கெம்பஸில் படிப்பிக்கிறவைக்குக் கேற்றைத் தட்டத் தெரியாதோ?"

"தட்டினன். உங்கட கேற்றுக்குக் கறல் பிடிச்சிரிக்கி, சத்தமே வரல்ல."

கேற்றைப் பற்றி அவள் சொன்னது உண்மை. அதனால் இன்னும் கோபம் வந்தது. நத்தை பிடிக்கத்தான் வந்தீரோ என்று கேட்டேன். நீ சின்னவளாக இருந்தபோது கல்லிலிருந்து கிள்ளி எடுத்துச் சிரட்டைக்குள் போடுவாயே, மிளகளவு மணல்நத்தை, அதைத்தான் வடியில் வைத்திருந்தாள். "இது நத்தையில்ல அன்ரி, பூச்சி" என்றாள். பிறந்த நாள் முதல் நான் பார்க்கும் நத்தையைப் பற்றி எனக்கே பாடம். கொண்டு வாரும் பார்ப்போம் என்று குசினி மேசையில் இருத்தினேன். கோப்பைத் தட்டில் தண்ணீர் விட்டுப் பூதக்கண்ணாடியைப் பிடித்தாள். நத்தை மெல்லத் தலையை நீட்டியது. பிறகு ஆறு கால்களை நீட்டியது. நத்தைக்குக் கால் முளைத்தால் நான் என்ன செய்வது? அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

புழுவாக இருக்கையில் வாயிலிருந்து பட்டு நூல் விட்டு, மணலை ஒவ்வொன்றாகப் பொருத்தி, நத்தை ஓடு போலச் சுருள் வீடு கட்டுமாம். அந்த வீட்டைச் சுமந்தபடியே திரியுமாம். வளர்ந்ததும் வீட்டை விட்டுவிட்டுப் பறந்துவிடுமாம். கடிஸ் பூச்சி என்று ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். தமிழில் பெயரில்லை என்றாள். நான் மணல்வீட்டுப் பூச்சி என்று வைத்துவிட்டேன்.

இந்த இனம் அழுக்குத் தண்ணீரில் ஒரு நாளும் தங்காதாம். கடையில் போத்தலில் அடைத்து விற்கும் தண்ணீர் நம் ஊற்றின் கழுவலுக்கும் காணாது என்று நான் எப்போதும் சொல்வேன் அல்லவா? இப்போது படித்தவளே சொல்லிவிட்டாள்.

மருமகனுக்கு என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
அம்மா,
குணேஸ்வரி தவராசா

*

பேர்கன், நோர்வே.
20.02.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கு சுகம். உங்கள் முழங்காலுக்கு நான் அனுப்பிய எண்ணெயைப் பூசுகிறீர்களா, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டீர்களா? ஆரபி உயரமாகிவிட்டாள். இங்கே மழைதான், நாள் முழுக்க மழை. முதியோர் இல்லத்தில் எனக்கு இப்போது நாளுக்கு இரண்டு முறை வேலை.

பூச்சிக் கதையை ஆரபிக்கு வாசித்துக் காட்டினேன். அந்தப் பிள்ளை றுமானா தண்ணீரைச் சோதித்தாவா? ஆவணியில், கச்சான் காற்று எல்லாவற்றையும் வறட்டும் காலத்திலும் ஊற்று ஓடுகிறதா? எனக்கு நினைவில்லை. பெரிய றோட்டிலிருந்து வளவுக்கு வரும் ஒழுங்கை இப்போது எப்படி, லொறி வருமா? சும்மா கேட்கிறேன். சோதித்த காகிதம் இருந்தால் ஒரு பிரதி அனுப்புங்கள், ஆரபி பள்ளிக்கூடத்தில் காட்ட ஆசைப்படுகிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பு மகள்,
கீர்த்தனி

*

லிங்கநகர்.
11.03.2024

அன்புள்ள மகள் கீர்த்தனிக்கு,

நான் சுகம். எண்ணெய் பூசுகிறேன், நாறுகிறது. பேத்தி சுகம் என்று எழுதினாய், மழை சுகம் என்றும் எழுதினாய். மருமகனைப் பற்றி ஒரு வரி இல்லை. வேலை கூடினால் மரியாதை குறைவதா? கொன்வென்றில் எங்களுக்குக் கடிதம் எழுதப் பழக்கிய சிஸ்டர், சுகம் விசாரித்தவருக்கு எல்லோருடைய சுகத்தையும் சொல்லிவிட்டுத்தான் மற்றக் கதை என்பார்.

நீ ஊற்றைப் பற்றிக் கேட்டது எனக்குச் சந்தோசம். வெளிநாடு போன பிள்ளைகள் மாம்பழத்தைத் தவிர வேறொன்றையும் விசாரிப்பதில்லை. எழுதுகிறேன். எந்தக் கச்சானிலும் நம் ஊற்று நின்றதில்லை. ஊர்க் கிணறுகள் வற்றிய வருடத்தில் அன்புவழிபுரத்திலிருந்தும் குடத்தோடு வந்தார்கள். ஒழுங்கையை நகரசபை கொங்கிறீட் போட்டுவிட்டது. லொறி வரும், போன கிழமை சீமெந்து லொறி வந்து என் செம்பருத்தியை முறித்துவிட்டுப் போனது. தண்ணீரை றுமானா சோதித்துவிட்டாள். பல்கலைக்கழக முத்திரை வைத்த பிரதியை இதனுடன் வைத்திருக்கிறேன். ஆரபி அதைக் கசக்காமல் காட்ட வேண்டும்.

மைம்மல் நேரத்தில் றுமானா வெள்ளைச் சீலையைத் திரை போலத் தொங்கவிட்டு விளக்கு வைத்தாள். வளர்ந்த பூச்சிகள் வந்து குந்தின. அழகில்லை, மண்ணிற வண்ணத்துப்பூச்சியின் ஏழைச் சொந்தம் போல இருக்கின்றன. ஆண்பூச்சியில் எதைப் பார்த்து இனம் பிரிக்கிறீர்கள் என்று கேட்டேன். அந்தப் பெண் வெட்கமில்லாமல் சொன்னாள். நான் எழுதமாட்டேன்.

இது உலகத்தில் வேறெங்கும் எழுதப்படாத இனமாக இருக்கலாம் என்கிறாள். எனக்கு ஆச்சரியமில்லை.

மருமகனுக்கு என் அன்பைச் சொல்லவும்.

அம்மா

*

பேர்கன்.
09.04.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். அவருக்கு வேலை அதிகம். காகிதம் கிடைத்தது, பெரிய உதவி.

அம்மா, ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். அந்த மலையடியில் எத்தனை நாளைக்குத் தனியே இருப்பீர்கள்? விழுந்தாலும் கூப்பிட ஆளில்லை. மட்டக்களப்பில் ஒரு நல்ல இல்லம் இருக்கிறதாம், கன்னியாஸ்திரிகள் நடத்துவது, உங்களுக்குப் பிடிக்கும். யோசித்துப் பாருங்கள்.

அன்பு மகள்,
கீர்த்தனி

*

லிங்கநகர்.
29.04.2024

கீர்த்தனிக்கு,

நான் சுகமில்லை. விழவில்லை, நின்றபடிதான் சுகமில்லை.

இன்று காலை உன் புருசனின் சித்தப்பா தம்பிராசா வந்தார். தனியே வரவில்லை. மூன்று காலுள்ள கருவியோடு கொழும்பு ஆட்கள், கையில் சிவப்புத் துணி கட்டிய முளைகள். வாய்க்கால் ஓரம் முளை அடிக்கிறார்கள். நான் பூசைத் தட்டோடு நிற்கிறேன்.

"என்ன தம்பிராசா இது?"

"அக்கா, உங்களுக்குக் கீர்த்தனி சொல்லேல்லையோ?"

"சொல்லியிருந்தால் உம்மை ஏன் கேட்கிறன்?"

"தண்ணிப் போத்தல் கொம்பனி அக்கா. நல்ல இடத்து ஆக்கள். ஊத்தைச் சுத்திக் கட்டடம் வரும். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம், வீட்டை இப்போதைக்கு இடிக்கமாட்டினம்."

இப்போதைக்கு. என் தாய் எனக்குச் சீதனமாகத் தந்து, நான் உனக்குச் சீதனமாகத் தந்த வீட்டை இப்போதைக்கு இடிக்கமாட்டார்கள்.

கொழும்பு ஆள் ஒருவர் என்னிடம் பளபளப்பான ஒரு தாளை நீட்டினார், வழியில் நிற்கும் கிழவிக்கு இனிப்புக் கொடுப்பது போல. அதில் நம் ஊற்றின் படம். கீழே எழுதியிருக்கிறது: எந்தக் கச்சானிலும் நின்றதில்லை. தூய நீரில் மட்டும் வாழும் அரிய பூச்சி. என் வசனம், கீர்த்தனி. தம்பிராசாவின் கோப்புக்குள் நான் ஆரபிக்காக அனுப்பிய பிரதி இருந்தது. கசங்காமல்தான் இருந்தது.

உன் கல்யாணத்துக்குக் காணி உறுதிப்பத்திரம் எழுதும்போது நொத்தாரிசு என்னிடம் கேட்டார்: "அம்மா, சீவிய உரித்து வைச்சு எழுதுவமா? நீங்கள் கண்ணை மூடும்வரைக்கும் ஒருத்தரும் கை வைக்க ஏலாது." உன் அப்பாவும் வை என்றார். பிள்ளையைச் சந்தேகிக்கிற தாய்மார்தான் அதை வைப்பார்கள் என்று சொல்லி, முழுவதையும் எழுதித் தந்தேன். அந்த நொத்தாரிசு இன்றைக்கு இருந்தால் சிரித்திருப்பார்.

உடனே மறுமொழி எழுது.

குணேஸ்வரி தவராசா

*

லிங்கநகர்.
31.05.2024

கீர்த்தனிக்கு,

ஒரு மாதமாகிவிட்டது. தபால்காரரின் சைக்கிள் சத்தம் கேட்டு எழும்பி எழும்பி முழங்கால் போய்விட்டது. மின்சாரப் பட்டியல் வருகிறது, உன் கடிதம் வரவில்லை.

நேற்று துளைபோடும் இயந்திரம் வந்தது. சோதனைக் கிணறாம். நாள் முழுக்க மலைக் கல்லை அரைத்தார்கள். வெள்ளைச் சேறு வாய்க்கால் முழுக்கப் பால் போல ஓடியது. றுமானா வந்து இறங்கிக் கல் கல்லாகப் புரட்டினாள். மணல்வீடுகள் சேற்றுக்குள் புதைந்து கிடந்தன. சோதித்த காகிதத்தை நான்தான் அனுப்பினேன் என்று சொன்னேன். "தெரியும் அன்ரி, தம்பிராசா ஐயா காட்டினார்" என்றாள். அதற்குப் பிறகு அவளுக்குத் தேநீர் போட எனக்குக் கை வரவில்லை.

இது புது இனம்தான், முடிவாகிவிட்டதாம். இந்த ஊற்றைத் தவிர வேறெங்கும் அவளுக்குக் கிடைக்கவில்லை. பெயர் வைக்க வேண்டும், உங்கள் பெயரை வைக்கட்டுமா என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மருமகன் சுகமா?

அம்மா

*

பேர்கன்.
19.06.2024

அம்மா,

ஆரபி சுகம். நான் சுகம்.

நான் மறுமொழி எழுதாதது பயத்தில் என்று நினைக்காதீர்கள். எழுத உட்காரும்போதெல்லாம் கோபம் வந்தது. நான் எதைத் திருடினேன்? காணி என் பெயரில். நீங்கள்தான் எழுதித் தந்தீர்கள், சீவிய உரித்து வேண்டாம் என்று மிடுக்காகச் சொன்னதும் நீங்கள்தான். தந்த பிறகும் என்றாவது அது என் வீடாக இருந்ததா? குசினிக்கு வேறு நிறம் அடிப்போம் என்று நான் சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

நான் இங்கே மற்றவர்களின் தாய்மாரைக் குளிப்பாட்டுகிறேன், அம்மா. காலை ஆறு மணிக்கு ஒரு தாய், ஏழு மணிக்கு இன்னொரு தாய். என்னுடைய தாய் அங்கே ஒரு புழுவுக்காக அழுகிறார். தண்ணீர் மண்ணுக்கடியில் சும்மா கிடக்கிறது. எனக்கு இப்போது வேறு வழியில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

எனக்காக அங்கே அலுவல் பார்க்கத் தம்பிராசா மாமாவுக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்திருக்கிறேன். ஆவணிக் கடைசியில் என் கையெழுத்து வாங்கி உறுதி முடிப்பார்கள்.

கீர்த்தனி

*

லிங்கநகர்.
10.07.2024

கீர்த்தனி,

நான் அழவில்லை. முதலில் அதைத் திருத்திக்கொள்.

உன் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு ஆளின் சுகத்தைக் கேட்டேன். முதல் முறை எழுதவில்லை, பிள்ளை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அடுத்த முறை "அவருக்கு வேலை அதிகம்." இப்போது ஆரபி சுகம், நான் சுகம். ஒரு வீட்டில் மூன்று பேர் இருந்தால் அப்படி எழுதமாட்டார்கள். இரண்டு முறை வேலைக்குப் போகிறவள், ஏன் என்று கேட்காதே என்கிறவள். எனக்குக் காதுதான் கேளாது.

சுகிர்தன் போய்விட்டானா?

போயிருந்தால் அதை நீ தம்பிராசாவுக்குச் சொல்லியிருக்கிறாய், அவனுடைய சொந்தச் சித்தப்பாவுக்கு. கொழும்புக் கொம்பனிக்கும் தெரிந்திருக்கும், அவசரமாக விற்கிறவள் என்று. பெற்றவளுக்கு மட்டும் மழை பெய்கிறது என்று எழுதினாய். ஊற்றை விற்பதைவிட எனக்கு அதுதான் நெஞ்சில் ஏறி நிற்கிறது. நான் உன்னைத் திட்டியிருப்பேன், ஓம். அவனைப் பார்த்த நாளே எனக்குப் பிடிக்கவில்லை என்றும் சொல்லியிருப்பேன். திட்டிவிட்டு என்ன செய்திருப்பேன் என்று உனக்குத் தெரியாதா?

குசினி நிறத்தைப் பற்றி நீ எழுதியது சரி. அதற்கு மேல் அதைப் பற்றி எழுதமாட்டேன்.

இனிக் கேள். தடுக்க எனக்கு உரித்தில்லை. கச்சேரியின் காணி அலுவலகத்தில் கேட்டேன், உறுதியில் பெயர் உள்ளவர்தான் பேசலாம் என்று ஒரு பொடியன் நாக்கை நீட்டாத குறையாகச் சொன்னான். என் கையில் மிஞ்சியிருந்தது ஒன்றுதான், றுமானா கேட்ட பெயர். அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன், என் பெயர் வேண்டாம், என் மகளின் பெயரை வையும் என்று.

"கோவத்தில சொல்றீங்களா அன்ரி?"

"வேறை எதில சொல்லுறது?"

எழுதிக்கொண்டாள். கீர்த்தனி என்ற பெயருக்கு லத்தீனில் ஒரு வால் சேருமாம். கட்டுரை அடுத்த மாதத் தொடக்கத்தில் அச்சாகிறது. பிறகு எந்தத் தேசத்தில் எவர் எடுத்துப் பார்த்தாலும் இருக்கும்: கீர்த்தனி, திருகோணமலையில் ஒரே ஒரு ஊற்றில் வாழ்வது. நீ கையெழுத்து வைத்தபின் அதற்குப் பக்கத்தில் இன்னொரு வரி சேரும். அழிந்துவிட்டது என்று எழுதுவார்கள். எவருடைய கையால் என்று கேட்பவர்களுக்கு உறுதியிலும் அதே பெயர்தான் இருக்கும்.

தாராளமாகக் கையெழுத்து வை.

குணேஸ்வரி தவராசா

*

பேர்கன்.
16.08.2024

அம்மா,

சுகிர்தன் போன மார்கழியில், நத்தாருக்கு முதல் போய்விட்டார். ஒஸ்லோவில் இருக்கிறார், தனியே இல்லை. வீட்டுக் கடன் என் தலையில். உங்களுக்கு எழுத மூன்று முறை தொடங்கினேன். ஒவ்வொரு முறையும் முதல் வரியில் மருமகன் சுகமா என்ற உங்கள் கேள்வி வந்து நின்றது. அதற்குப் பொய் எழுதவும் ஏலவில்லை, உண்மை எழுதவும் ஏலவில்லை.

றுமானா கட்டுரையை எனக்கு அனுப்பினார். ஆரபி வாசித்துவிட்டு, அம்மா உங்கள் பெயர் என்று துள்ளினாள். தலைப்புக்குக் கீழே பூச்சியின் படம். அந்தப் படத்தைப் பார்த்தபடி எப்படிக் கையெழுத்து வைப்பது? இது நியாயமில்லை, அம்மா. அடித்திருக்கலாம் நீங்கள்.

தம்பிராசா மாமாவின் தத்துவத்தை ரத்துச் செய்து நொத்தாரிசுக்கு அனுப்பிவிட்டேன். மாமா கத்தினார். இங்குள்ள வீட்டை வங்கி எடுக்கட்டும். நானும் ஆரபியும் ஓர் அறை வீட்டுக்கு மாறுகிறோம். மார்கழியில் இரண்டு பேரும் வருகிறோம், திரும்பிப் போகும் தேதி இன்னும் போடவில்லை.

கோபம் எனக்கும் தீரவில்லை. என் பெயரை அதிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.

கீர்த்தனி

*

லிங்கநகர்.
12.09.2024

அன்புள்ள மகள் கீர்த்தனிக்கு,

நான் சுகம். நீயும் ஆரபியும் எப்படி இருக்கிறீர்கள் என்று உள்ளபடி எழுது. சுகமில்லை என்றால் சுகமில்லை என்று எழுது. அப்படித் தொடங்கும் கடிதமும் கடிதம்தான், சிஸ்டர் என்ன சொல்லியிருந்தாலும்.

பெயரை எடுக்க ஏலாதாம். அச்சில் வந்தால் வந்ததுதான், வைத்தவர்களே அழுதாலும் மாற்றமுடியாத சட்டம் என்கிறாள் றுமானா. எனவே நீ பொறுத்துக்கொள்ள வேண்டும். உன் கீர்த்தனி என்ற பெயரும் நான்தான் வைத்தது, அதை நீ ஒரு நாளும் மாற்றச் சொன்னதில்லை.

தம்பிராசா வந்து கேற்றில் நின்றபடி, "அக்கா, பிள்ளையின்ரை வாழ்க்கையைக் கெடுத்துப்போட்டியள்" என்றார். "உம்முடைய பெறாமகன் மிச்சம் வைச்சிருந்தால்தானே நான் கெடுக்க" என்றேன். முளைகளைத் திருப்பிக் கேட்டார். கொடுக்கவில்லை. பயிற்றங்கொடி படர்ந்துவிட்டது, சிவப்புத் துணியோடு காய்க்கிறது.

மார்கழியில் வருகிறவர்களுக்கு ஒழுங்கைப் பக்கத்து அறை. குசினிக்கு என்ன நிறம் என்று எழுதினால் ஆளைப் பிடித்து வைப்பேன். மஞ்சள் என்றால் எனக்குப் பிடிக்காது, என்றாலும் எழுது.

ஊற்றைப் பற்றி நீ கேட்கவில்லை. துளைபோட்ட பிறகு தண்ணீர் முந்திய மாதிரி இல்லை, வாய்க்காலில் பாதிதான் ஓடுகிறது. வெள்ளைச் சேறு கல்லிடுக்கில் இன்னும் கிடக்கிறது. ஆடி முழுக்க றுமானா ஒரு மணல்வீட்டையும் காணவில்லை. அவள் வருவதையும் குறைத்துவிட்டாள். நான் தேநீர் போடுகிறேன், குடிக்கிறாள், முன்போலக் கதைப்பதில்லை.

நேற்றுக் காலை கைத்தடியோடு இறங்கினேன். விழவில்லை. கல்லின் அடிப்பக்கத்தில் ஒன்று ஒட்டியிருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். சுருளின் நடுவெல்லாம் நம் வாய்க்காலின் பழைய மஞ்சள் மணல். வாயோரம் மட்டும் ஒரு சுற்று வெள்ளை, அந்த இயந்திரம் அரைத்த கல்லின் தூள். அந்தச் சேறு வந்தபின்னும் உள்ளே இருந்தவள் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள், கிடைத்த கல்லை எடுத்து.

கிள்ளி எடுக்கவில்லை. கல்லை இருந்தபடி கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.

கடிதம் முடியும் இடத்தில் மருமகனுக்கு வழக்கமாக எழுதும் அந்த ஒரு வரியை இந்த முறை எழுதவில்லை. இனியும் எழுதமாட்டேன்.

அம்மா